உயிர்க் காலேஜும் சோற்று மூட்டையும்

சென்னை சென்ட்ரல் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க், 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் உருவானது. பரப்பு 116 ஏக்கர். எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை பின்னர் இங்கே இடம் மாறியது. மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்ற சனங்கள் இதை 'உயிர்க் காலேஜ்' என்றார்கள். வரலாற்றில் ஆளுநர் இருக்கிறார், ஏக்கர் கணக்கு இருக்கிறது. கட்டுச்சோறு கட்டி வந்த பெண்கள் இல்லை.

என் பாட்டிக்கு உயிர்க் காலேஜ் என்றால் விடியலுக்கு முன்பே எழுந்து புளிச்சோறு கிளறுவது. மற்றவர்கள் புலி பார்க்கப் போனபோது மூட்டைக்குக் காவலாக மரத்தடியில் இருந்தது அவர்தான். ஆனாலும் கோயில், கல்யாணம், சாவு தவிர அவர் வாசற்படி தாண்டியது இதற்காக மட்டுமே. "புள்ளைங்களுக்குக் காட்டிட்டு வர்றோம்" என்பதே அவருக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு. வேலையும் விடுதலையும் ஒரே மூட்டைக்குள் இருந்தன.

பூங்கா தேய்ந்தது. 1913இல் ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டது, விளையாட்டரங்கமும் வந்தது, 1985இல் விலங்குகள் வண்டலூருக்குப் போயின. மிஞ்சிய துண்டுதான் மை லேடீஸ் பூங்கா.

அனுமதிச் சீட்டு மட்டும் மாறவில்லை. மகளோடு பூங்காவுக்குப் போனால் என்னை எவரும் கவனிப்பதில்லை. தனியே பெஞ்சில் உட்கார்ந்தால், "யாருக்காகம்மா காத்திருக்கீங்க?" என்கிறார்கள். யாருக்காகவும் இல்லை என்று சொல்லி உட்காரும் உரிமையையும் சேர்த்தால்தான் அது மக்கள் பூங்கா.