மாந்தை ஓடும் எருக்கலம்பிட்டி உறுதியும்

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். தலைமன்னாருக்குப் பத்தாண்டு முன்பே, 1914இல். அதற்கும் முன்னால் தோணியில் வந்திறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த தோட்டத் தொழிலாளர்களின் தடம் மன்னார்க் கரையில் தொடங்குகிறது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

பாலத்தடியில் நீர் வற்றிக் கிடந்தது, சேற்றில் பூநாரைகள். தலைமன்னாருக்கு அப்பால், ஆதாம் பாலத்து மணல்திட்டுகளில் ஆலாக்கள் முட்டையிடும். பெருநிலத்துக் கரையில் மாந்தை. 1980களில் ஜோன் காஸ்வெல் குழுவினர் அங்கே தோண்டியபோது சீனப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்ட ஓடுகளும் கிடைத்தன. நம் மூதாதையர் வந்துபோன துறைமுகம் அது. தீவின் வாசலில், போர்த்துக்கேயர் 1560இல் கட்டி 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை.

எருக்கலம்பிட்டியில் ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, 1990 ஒக்டோபர்ல புலிகள் எங்கள வெளியேத்தினாங்க. வள்ளத்துல கற்பிட்டிக்குப் போனம். காணி உறுதிய எடுக்கவும் நேரமில்ல."

மாந்தை ஓடுகளுக்கு இலக்கமிட்டுப் பாதுகாக்கிறோம். அந்தக் குடும்பங்களின் உறுதிகள், பள்ளிக் கணக்குகள், நிக்காஹ் பதிவுகள்? அந்தப் பெரியவர்கள் மௌத்தாகுமுன் அவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரம் வருடத்து வணிகத்துக்கு ஓடாவது சாட்சி சொல்லும். 1990க்குச் சாட்சி இராது.