வெடியுப்பும் பனிக்கட்டியும்: குளிர்நீர் வரலாற்றில் ஒரு நோக்கு

வேனிற்காலத்தில் வழிச்செல்வோர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைத்து நீரும் மோரும் வழங்குதல் தமிழர் தொன்றுதொட்டுப் போற்றிவரும் அறங்களுள் ஒன்றாகும். அப்பந்தலில் வைக்கப்படும் மண்பானை எளிய பொருளே. ஆயினும் அதன் தொழிற்பாடு நுட்பமானது. பானையின் நுண்டுளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைப் பானையிலிருந்தும் சூழ்ந்துள்ள வளியிலிருந்தும் கவர்ந்து செல்கின்றது. அதனால் உள்ளே எஞ்சிய நீர் குளிர்கின்றது. இதற்கு ஏவலாளர் வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை. எனினும், இக்குளிர்ச்சிக்கு ஓர் எல்லையுண்டு. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களிற் பானையின் பயன் குன்றும். அவ்வெல்லையைக் கடந்து, குப்பியிலும் போத்தலிலும் அடைத்த பானத்தை விரைவிற் குளிர்விக்கவும் உறையச் செய்யவும் மனிதன் மேற்கொண்ட முயற்சிகள் நீண்ட வரலாறு உடையன. அவ்வரலாற்றை ஆராயுமிடத்து இரு வினாக்கள் எழுகின்றன. குளிர்ச்சியை ஆக்கும் வழி கண்டோர் யாவர்? அதனை நுகர்ந்தோர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றன்று.

அக்பர் சக்கரவர்த்தியின் அரசவையில் வாழ்ந்த அபுல் பசல் என்பார், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய ஆயினி அக்பரி என்னும் நூலில், அரண்மனை நீர்ச்சாலையைப் பற்றித் தனியே ஒரு பகுதி வகுத்துள்ளார். வெடிமருந்தில் வெப்பத்தை விளைவிக்கும் அதே வெடியுப்பு, நீரிற் குளிர்ச்சியை விளைவிக்கின்றது என்னும் முரணை அவர் வியந்து குறிப்பிடுகின்றார். அவர் கூறும் முறை வருமாறு: ஒரு சேர் நீரை வெள்ளி முதலிய உலோகத்தாலாய குப்பியில் இட்டு வாயை மூடவேண்டும். வேறொரு பாத்திரத்தில் ஐந்து சேர் நீரை வார்த்து, அதில் இரண்டரைச் சேர் வெடியுப்பைச் சொரியவேண்டும். அக்கரைசலிற் குப்பியை வைத்துக் கால் மணி நேரம் சுழற்றிக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும்.

இம்முறையின் ஒவ்வொரு கூறும் காரணத்தோடு அமைந்ததாகும். வெடியுப்பு நீரிற் கரையும்போது வெப்பத்தை உட்கொள்ளும் இயல்பினது. 100 பங்கு நீரில் 16 பங்கு வெடியுப்பைக் கரைப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 10 சதம பாகை வீழ்கின்றது. உலோகக் குப்பி வெப்பத்தை விரைந்து கடத்தும். குப்பியைச் சுழற்றுவதால் உள்நீர் கலங்கி, அதன் எல்லாப் பகுதியும் குளிர்ந்த சுவரைச் சென்று தொடும். பயன்பட்ட கரைசலைக் காய்ச்சி நீரை ஆவியாக்கினால் வெடியுப்பை மீட்டும் பெறலாம். இந்தத் தொழிலையே கடனாகக் கொண்ட ஏவலர் ஆப்தார் எனப்பட்டனர். பிற்காலத்திற் கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் இல்லங்களிலும் ஆப்தார் அமர்த்தப்பட்டு, மேசைக்குரிய நீரையும் மதுவையும் வெடியுப்பினாற் குளிர்வித்து வந்தார். பீகாரிலிருந்து கப்பலேறி ஐரோப்பியப் போர்களுக்குத் தீயூட்டிய உப்பே, கல்கத்தாவிற் குப்பிகளைக் குளிர்வித்தது என்பது கருதத்தக்கது.

இவ்வறிவு மொகலாயர்க்கு மட்டும் உரியதன்று. வெடியுப்பினால் நீரைக் குளிர்விக்கும் முறை 13ஆம் நூற்றாண்டின் அரபு நூலொன்றிலேயே காணப்படுகின்றது. 1550இல் உரோமாபுரியில் வாழ்ந்த பிளாஸ் வில்லாபிராங்கா என்னும் ஸ்பானிய மருத்துவர், மதுவையும் நீரையும் வெடியுப்பினாற் குளிர்வித்தல் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். 1589இல் வெளிவந்த தமது நூலில் நேப்பிள்ஸ் நகரத்து டெல்லா போர்ட்டா, பனியோடு வெடியுப்பைக் கலந்து அதனுள் மதுக் குப்பியைச் சுழற்றினால் மது உறையும் என எழுதினார். வெறும் நீரிற் கரையும் உப்பினாற் குளிர்ச்சியே கிடைக்கும். பனியோடு உப்புச் சேரும்போதோ உறைவே கிடைக்கும் என்பது இதனாற் பெறப்பட்டது.

அக்பரின் அரண்மனையிலும் வெடியுப்பு தனித்து நிற்கவில்லை. 1585ஆம் ஆண்டளவில் அரசவை பஞ்சாபுக்குப் பெயர்ந்தபின், வடமலைகளிலிருந்து பனிக்கட்டி இலாகூருக்குக் கொண்டுவரப்பட்டது. ஆற்றுவழியே பத்து ஓடங்கள் இதற்கென அமைக்கப்பட்டு, நாள்தோறும் ஓர் ஓடம் வந்து சேர்ந்தது. கோடையில் எல்லாத் தரத்தாரும் பனிக்கட்டியைப் பயன்படுத்தினர் என்றும், பிரபுக்கள் ஆண்டு முழுவதும் பயன்படுத்தினர் என்றும் அபுல் பசல் கூறுகின்றார். ஒரே வாக்கியத்தில் அமைந்த இவ்வேறுபாடு நோக்கத்தக்கது. குளிர்ச்சி, செல்வத்தை அளக்கும் ஒரு கோலாக அப்பொழுதே அமைந்துவிட்டது.

மலைப்பனி எட்டாத கங்கைச் சமவெளியில் வேறொரு கலை வளர்ந்தது. வங்காளத்து ஆங்கிலப் படைத்தலைவராயிருந்த சேர் றொபேட் பாக்கர், 1775இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் வெளியீட்டில் அதனை விரிவாக எழுதினார். இயற்கையிற் குளங்கள் உறைவதைத் தாம் காணாத அலகாபாத்திலே, ஏறத்தாழ 30 அடிச் சதுரமும் 2 அடி ஆழமுமுடைய பள்ளங்கள் தோண்டப்பட்டன. அவற்றின் அடியிற் கரும்புத் தட்டையோ சோளத் தட்டையோ தடிப்பாகப் பரப்பப்பட்டது. அதன்மீது மெருகிடாத ஆழமற்ற மண்தட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டன. காய்ச்சி ஆறவைத்த நீர் அத்தட்டுகளில் அந்திப்பொழுதில் வார்க்கப்பட்டது. தெளிந்த மாரிக்கால இரவு கழிந்து, கதிரவன் எழுமுன் தொழிலாளர் வந்து தட்டுகளிற் படிந்த பனிக்கட்டியைத் திரட்டி, வைக்கோலும் கம்பளமும் போர்த்த ஆழ்குழியில் இடித்து நிறைத்தனர். கோடையில் சர்பத்தும் பாலேடும் குளிர்வதற்கு அது பயன்பட்டது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. நீரை முதலிற் காய்ச்சுவானேன்? மறைவெப்பக் கொள்கையை நிறுவியவரும் எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான யோசேப்பு பிளாக், அதே 1775இல் இவ்வினாவையே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். காய்ச்சிய நீரையும் காய்ச்சாத நீரையும் குளிரில் அருகருகே வைத்து அவர் நோக்கினார். காய்ச்சிய நீர் உறைநிலையை அடைந்ததும் உறையத் தொடங்கியது. காய்ச்சாத நீரோ உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பின்னும் அசையாதிருக்கும்வரை நீராகவே நின்றது. அதனைக் கலக்கியவுடன் அதுவும் உறைந்தது. காய்ச்சிய நீர் தான் இழந்த காற்றை மீட்டும் உட்கொள்ளும்போது ஏற்படும் நுண்ணிய அசைவே உறைதலைத் தூண்டுகின்றது என அவர் கருதினார். அவ்விளக்கத்தை இன்று அவ்வாறே ஏற்றல் அரிது. ஆயினும், அலகாபாத்துப் பனித்தொழிலாளரின் வழக்கமொன்று எடின்பரோவில் ஆராய்ச்சிப் பொருளாயிற்று என்பது உண்மையே. காற்று உறைநிலைக்கு மேலிருக்கும்போதும் தட்டு நீர் உறைவதற்குக் காரணம் நீர் ஆவியாதலே எனப் பலர் எண்ணினர். தெளிந்த வானத்தை நோக்கி வெப்பம் கதிர்வீசிச் செல்லுதலே முதன்மைக் காரணம் என 1814இல் வில்லியம் வெல்ஸ் பனித்துளி பற்றிய தமது நூலிற் காட்டினார். அறிஞர் காரணம் கண்டனர். காரியத்தை அவர்க்கு முன்னரே தொழிலாளர் கைவரப் பெற்றிருந்தனர்.

இத்தொழிலை வீழ்த்தியது கடல்வாணிகம். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வணிகரான பிரெடெரிக் ரியூடர், 1806இல் மார்த்தினிக் தீவுக்குப் பனிக்கட்டி அனுப்பியபோது ஊரார் நகைத்தனர். 1833 மே மாதத்தில் அவரது முயற்சியால் துஸ்கனி என்னும் கப்பல் 180 தொன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. வெப்ப மண்டலத்தை இருமுறை கடந்து, நான்கு மாதத்தின்பின் செப்ரெம்பரில் அது வந்தடைந்தபோது ஏறத்தாழ 100 தொன் கரையாது எஞ்சியிருந்தது. தேசாதிபதி வில்லியம் பென்ரிங் பிரபு இச்செயலைப் பாராட்டி வெள்ளிக் கிண்ணமொன்றைப் பரிசளித்தார். 1846-47 மாரிக்காலத்தில் வால்டன் குளத்திற் பனிக்கட்டி வெட்டப்படுவதைக் கரையிலிருந்து கண்ட தோரோ, தம் குளத்து நீரைச் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உள்ளோர் பருகுவதாக எழுதி வைத்தார்.

1842இற் சென்னைக் கடற்கரையில் எழுந்த பனிக்கட்டிச் சேமிப்பகம் அவ்வாணிகத்தின் சின்னமாக இன்றும் நிற்கின்றது. ஐஸ் ஹவுஸ் என வழங்கிய அக்கட்டடம் பின்னர்க் கைமாறி இல்லமாயிற்று. 1897இல் மேனாட்டிலிருந்து இலங்கை வழியாக மீண்ட சுவாமி விவேகானந்தர் அங்கேயே தங்கினார். 1963இல் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது. ஆங்கிலேயரின் மதுக் குப்பிகளுக்காக எழுந்த மனை ஒரு துறவியின் பெயரைத் தாங்கி நிற்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

கப்பற் பனிக்கட்டியையும் பொறிகள் வென்றன. பிளாக்கின் ஆசிரியரான வில்லியம் கலன், ஈதரை வெற்றிடத்தில் ஆவியாக்கி நீரை உறைவித்ததை 1756இல் வெளியிட்டார். யேக்கப் பேக்கின்ஸ் 1834இல் ஆவியை அமுக்கிக் குளிராக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். அமெரிக்க மருத்துவர் யோன் கொறி காய்ச்சல் நோயாளரின் அறையைக் குளிர்விக்கவென முயன்று, 1851இற் பனிக்கட்டிப் பொறிக்கு உரிமை பெற்றார். 1870களிற் சென்னையிலும் கல்கத்தாவிலும் பனிக்கட்டி ஆலைகள் தோன்ற, பொஸ்ரன் கப்பல்கள் வருதல் படிப்படியாக நின்றது. 20ஆம் நூற்றாண்டிற் குளிர்சாதனப் பெட்டி வீடுகளுட் புகுந்தது. முதலில் நச்சு வாயுக்களை ஏந்திய அப்பெட்டி, 1930 முதல் பிரியோன் என்னும் தீங்கற்றதெனக் கருதப்பட்ட வாயுவை ஏற்றது. அவ்வினத்து வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடும் என 1974இல் அறிஞர் இருவர் எச்சரித்தனர். அதன் விளைவாக 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது.

இந்நெடிய வரலாற்றின் பாடம் இன்றைய அடுக்களையிலும் பயன்படுவதே. ஒரு போத்தலை விரைவிற் குளிர்விக்க விரும்புவோர் வெறும் பனிக்கட்டித் துண்டுகளுக்கிடையே அதனைச் செருகினாற் போதாது; துண்டுகள் போத்தலைச் சில இடங்களில் மட்டுமே தொடும். நீரும் சேர்த்தால் போத்தல் முழுவதும் குளிர் தழுவும். உப்பும் சேர்த்தால் வெப்பநிலை இன்னும் இறங்கும். மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு என்னும் அளவிற் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 21 பாகை வரையும் அது செல்லக்கூடும். போத்தலை இடையிடையே சுழற்றுதல் நன்று. இஃது ஆப்தாரின் முறையே. உறைபெட்டியில் அசையாது கிடந்த போத்தலை எடுத்துத் திறந்தவுடன் பானம் கண்முன்னே உறைவதுண்டு. இது பிளாக் கண்ட காட்சியே. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரிவதால், நிறைந்த கண்ணாடிப் போத்தலை உறைபெட்டியில் மறந்துவிடுதல் அதனை உடைப்பதற்கு ஒப்பாகும்.

முன்னர் எழுந்த வினாக்களுக்கு இனி விடை கூறலாம். குளிர்ச்சியை நுகர்ந்தோர் சக்கரவர்த்தியும் பிரபுக்களும், பின்னர்க் கும்பனி உத்தியோகத்தரும் ஆவர். அவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. குப்பியைச் சுழற்றிய ஆப்தாரின் பெயரோ, இரவெல்லாம் விழித்து மண்தட்டுகளைக் காத்த தொழிலாளரின் பெயரோ எங்கும் இல்லை. பென்ரிங் பிரபுவின் கிண்ணம் கடல்வழி வந்த பனிக்கட்டிக்கே கிடைத்தது. உள்ளூர்ப் பள்ளத்தில் விளைந்த பனிக்கட்டிக்கு அன்று. பொறிகளின் பெருமையைப் பேசும் வரலாறு, அப்பொறிகளுக்கு முன் நின்ற கைகளையும் நினைத்தல் வேண்டும். குளிர்நீரைச் செல்வத்தின் அடையாளமாக்காது, தாகித்து வந்தவர் எவராயினும் அவர்க்கு உரியதெனக் கொண்ட தண்ணீர்ப் பந்தலின் மண்பானை, இவ்வரலாற்றில் மிகச் சிறியதோர் இடத்தையே பெறுகின்றது. அறத்தால் அளப்பின் அதன் இடம் சிறிதன்று.