ஏட்டில் ஏறாத பெயர்கள்

லுக்குட் என்றதும் வரலாறு பயிலும் மாணவர்க்கு ராஜா ஜுமாஅத்தின் கோட்டையும் ஈயச் சுரங்கங்களும் நினைவுக்கு வரும். 1880-இல் சிலாங்கூரிடமிருந்து சுங்கை ஊஜோங்கின் கைக்கு மாறிய ஊர் அது. ஈயத்தின் காலம் முடிந்தபின் அதனைச் சூழ ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன; தமிழர் லயங்களில் குடியேறினர். அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள போர்ட்டிக்சனில், 1933 மார்ச்சுத் திங்கள் முதல் நாள், 25 இளைஞர்களைக் கொண்டு மலாய்ப் படைப்பிரிவு தொடங்கப்பெற்றது. ஆக, ஒரே வட்டாரத்தில் இருவகை ஏடுகள் இருந்தன. படைவீரர் பதிவேடு ஒருவனுடைய பெயர், பிறப்பு, உடல்நிலை ஆகிய அனைத்தையும் குறித்து வைத்தது. தோட்டத்துச் செக்ரோலோ அவன் பெரட்டுக்கு வந்தானா, எத்தனை நாள் உழைத்தான் என்பதோடு நின்றுவிட்டது. போர் முடிந்து, பட்ட துன்பத்திற்கு ஈடு கேட்கும் காலம் வந்தபோது இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதாயிற்று என்பதே ஈண்டு நாம் காணவிருப்பது.

சயாமில் பான் பொங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை ஜப்பானியப் படை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை அதனினும் பன்மடங்கு பெரிது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டதாகக் கணக்கிடுவர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி என்றும், சில திங்களில் திரும்பிவிடலாம் என்றும் சொல்லி அழைத்துச் சென்றனர். ஆள் போதாதபோது வலிந்தும் பிடித்தனர். நெகிரி செம்பிலான் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல. காட்டில் வாந்திபேதி, மலேரியா, சீதபேதி, காலை எலும்புவரை அரிக்கும் ஆறாப்புண் ஆகியன அவர்களைத் தின்றன. போர்க்கைதிகளிடையே அவர்களுடைய படை மருத்துவர்களேனும் இருந்தனர். நம்மவரின் கொட்டகைகளில் அதுவும் அரிது.

எங்கள் பள்ளிப் பருவத்தில் தோட்டங்களில் சில முதியவர்களைச் 'சயாமுக்குப் போனவர்' என்று சுட்டுவர். கணுக்காலில் பெரிய வடு இருக்கும். அடிக்கடி குளிர்சுரம் காணும். இரவில் அலறியெழுவதுண்டு என்பர். இவற்றைக் குறை என்று எவரும் எழுதிவைத்ததில்லை.

போரினால் வந்த நோய்க்கு உதவித்தொகை கேட்பது எங்கும் எளிதன்று. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஒருவர், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்காக விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். நோய் இன்று இருப்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பணிக்காலத்தில் அதற்குரிய அறிகுறியோ நிகழ்ச்சியோ இருந்ததென்பது தெரிய வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கும் மருத்துவர் கருத்தும் வேண்டும். உறங்குபவன் தன் குறட்டையைத் தானே அறியான் அல்லவா? ஆகவே, ஒரே கூடாரத்தில் படுத்த தோழர் எழுதித் தரும் வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படுகின்றது. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகம் தீப்பற்றி 16 முதல் 18 மில்லியன் படைவீரர் கோப்புகள் எரிந்தன. அதன் பின்னர், கோப்பு இல்லாத வீரனுக்கு வேறுவகைச் சான்று தேட உதவும் கடமை அரசின் மீதே ஏற்றப்பட்டது. இந்தியாவிலும் 1972-இல் தொடங்கிய விடுதலைப் போராளிகள் ஓய்வூதியத் திட்டம் இந்திய தேசிய இராணுவத்தினரையும் உள்ளடக்கிற்று. சிறைப்பதிவு கிட்டாதவிடத்து உடன் சிறையிருந்தோர் சொல்லை ஏற்றது. தாள் இல்லையெனில் வழக்கே இல்லை என்று இவ்விரு நாடுகளும் கூறிவிடவில்லை.

சயாம் பாதையில் உழைத்த பிரிட்டிஷ் கைதிகளின் நிலையையும் காண்போம். 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின்படி அவர்களுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 76 பவுன் கிடைத்தது. அற்பத் தொகைதான், அவர்கள் பல்லாண்டு முறையிட்ட பின்னர் 2000-இல் பிரிட்டிஷ் அரசே தலைக்கு 10,000 பவுன் வழங்கிற்று. இவற்றினும் குறிப்பிடத்தக்கது லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் பணி. காட்டு மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர் உடலில் புகுந்த ஒருவகைக் குடற்புழு, முப்பதாண்டு கழிந்தும் அவர்களுள் வாழ்ந்திருந்ததை அங்குள்ள மருத்துவர்கள் கண்டனர். அவர்கள் நடத்திய சோதனைகள் போர் ஓய்வூதியத்திற்கும் ஆதாரமாயின. அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்த தமிழனை அழைத்துச் சோதிக்க, அவன் பெயர் எந்தப் பட்டியலில் இருந்தது?

அவன் போர்வீரன் அல்லனே என்று கூறுவோர் உளர். கைதிகளுக்குப் பணம் தந்தது அவர்கள் போரிட்டமைக்காக அன்று, சிறைப்பட்டு வதையுண்டமைக்காகவே. தமிழனும் ஒரு படையின் ஆணைக்கு உட்பட்டு, அப்படையின் பாதையைத்தான் இட்டான். மறுப்பில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

இன்னொன்றையும் மாணவர்கள் கருதுதல் வேண்டும். அப்பாதைக்காக ஜப்பானியர் மலாயாவின் தண்டவாளங்களையும் பெயர்த்துச் சென்றனர். நம் மாநிலத்துத் தம்பினிலிருந்து மலாக்கா செல்லும் கிளைப்பாதை அவ்வாறு போனதே. போருக்குப்பின் பாதையின் சயாம் பகுதியைப் பிரிட்டன் 12,50,000 பவுனுக்குத் தாய்லாந்துக்கு விற்றது. தண்டவாளங்களையும் பெட்டிகளையும் இழந்த இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு ஈடுசெய்வதே அத்தொகையின் நோக்கம். இரும்புக்கு உரிமையாளர் இருந்தனர், இருப்புக்கணக்கும் இருந்தது. பின்னர், 1967 செப்டம்பர் 21-ஆம் நாள் ஜப்பானும் மலேசியாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 25 மில்லியன் வெள்ளி மதிப்புள்ள உதவி கப்பல்களாக வந்தது. போர்க்காலக் கோரிக்கைகள் யாவும் தீர்ந்தன என்றும் அதில் எழுதப்பட்டது. கப்பல்கள் நாட்டுக்குப் பயன்பட்டிருக்கலாம், மறுக்கவில்லை. லயத்து வீட்டில் இருந்த கைம்பெண்ணுக்கு அவற்றால் ஒரு காசும் வரவில்லை.

அரசு ஏடுகள் விட்டதை ஓரளவு நம் எழுத்தாளர்களே குறித்துவைத்தனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் வகுப்பறையில் வரலாற்று நூல்களோடு சேர்த்துப் படிக்கத் தக்கவை. காஞ்சனபுரியின் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். ஒவ்வொரு தலைமாட்டிலும் கல்லுண்டு. அந்நகரிலேயே 1990-இல் ஒரு கரும்புத் தோட்டத்தருகே கூட்டுப் புதைகுழியொன்று தோண்டப்பெற்றபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையவை எனக் கருதப்பட்டன. அவற்றின் அருகே கல் எதுவும் இல்லை.