வாலுக்குப் பரிசு: கலிபோர்னியாவின் தரை அணில் வேட்டை

இந்த எபிசோட் ஒரு எச்சரிக்கைப் பலகையில ஆரம்பிக்குது.

போன வருஷம் பிப்ரவரில ஆபீஸ் வேலையா மூணு வாரம் சான் பிரான்சிஸ்கோ பக்கம் போயிருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை, டீம்ல இருக்குற ஒருத்தரோட பக்கத்து மலைக்கு நடக்கப் போனோம். அங்க அது குளிர்காலம் முடியுற நேரம். மழை பெஞ்சு மலை முழுக்கப் பச்சைப் புல். புல்லுக்கு நடுவுல வளை வளையா இருக்கு. ஒவ்வொரு வளை வாசல்லயும் பின்னங்கால்ல நிமிர்ந்து நிக்குது ஒரு அணில். நம்ம ஊர் அணிலை விட நல்லா பெருசு. முதுகுல கோடு கிடையாது, புள்ளிதான். மரத்துக்குப் பதிலா மண்ணுக்குள்ள குடியிருக்குற தரை அணில்.

நான் பையில இருந்த முறுக்கை உடைச்சுப் போடப் போனேன். கூட வந்தவர் கையைப் பிடிச்சுட்டாரு. "ப்ரோ, அந்த போர்டைப் படிங்க." தீனி போடாதீர்கள், செத்த அணிலைத் தொடாதீர்கள், பிளேக் இருக்கலாம்னு போட்டிருந்தது.

பிளேக்கா? ஐபோன் பொறந்த ஊர்லயா? அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை.

கப்பல்ல வந்த நோய்

1894-ல ஹாங்காங், 1896-ல பம்பாய். நம்ம நாட்டுல லட்சக்கணக்கான பேரைக் கொன்ன அதே பிளேக் அலைதான் கப்பலேறி 1900 மார்ச்சுல சான் பிரான்சிஸ்கோவின் சைனா டவுனுக்கு வந்தது. அப்போ கலிபோர்னியா கவர்னரா இருந்த ஹென்றி கேஜ், பிளேக்கே இல்லைன்னு சாதிச்சாரு. வியாபாரம் கெட்டுடும்ங்கிற பயம். 1904 வரைக்கும் அந்த நகரத்துல 119 பேர் செத்தாங்க.

எலியிலிருந்து மனுஷனுக்கு நோயைக் கடத்துறது தெள்ளுப்பூச்சிதான்னு 1898-லயே கராச்சியில ஆராய்ச்சி பண்ணி பால்-லூயி சிமோன் சொல்லிட்டாரு. ரொம்ப நாள் யாரும் நம்பல. 1906 பூகம்பத்துக்கு அப்புறம் 1907-ல பிளேக் திரும்பி வந்தப்போ, ரூபர்ட் ப்ளூங்கிற அரசு மருத்துவர் நகரம் முழுக்க எலி பிடிக்க ஆள் இறக்கினாரு. நோய் அடங்கிச்சு.

ஆனா தெள்ளுப்பூச்சிக்கு நகர எல்லை தெரியாது இல்லையா? 1908-ல, வளைகுடாவுக்குக் கிழக்கே கான்ட்ரா கோஸ்டா கவுண்டில, தரை அணில்கள்கிட்டயே பிளேக் கிருமி இருக்குறது உறுதியாச்சு. நகர எலியிலிருந்து காட்டு அணிலுக்கு நோய் தாவிடுச்சு. எங்க பாஷைல சொன்னா, பக் டெஸ்ட் சர்வரைத் தாண்டி புரொடக்‌ஷனுக்குப் போயிடுச்சு. இனி ரோல்பேக் கிடையாது.

வேட்டைக்குன்னு ஒரு பருவம்

இந்த அணிலை மனுஷங்க வேட்டையாடுறது புதுசு இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகள் காலங்காலமா அதைப் பிடிச்சுச் சாப்பிட்டவங்க. அவங்களுக்கு அது உணவு. கோதுமை விவசாயிகள் வந்த பிறகுதான் அது எதிரி ஆச்சு.

இதுல டைமிங் ரொம்ப முக்கியம். குளிர்ல அணில் வளையை மண்ணால அடைச்சுக்கிட்டு உள்ள தூங்கும். அப்போ புகை விட்டாலும் அதுகிட்டப் போகாது. ஜனவரி, பிப்ரவரில வெளிய வரும். மண் ஈரமா இருக்குறதால விஷப்புகை வளையை விட்டுக் கசியாது. குட்டி போடுறதுக்கு முன்னாடி ஒரு பெண் அணிலைப் பிடிச்சா, பின்னாடி வரப்போற ஏழெட்டையும் சேர்த்துத் தடுத்த மாதிரி. அதே நேரம் விஷம் தடவின தானியம் அப்போ எடுபடாது, ஏன்னா அந்தப் பருவத்துல அணில் பச்சைப் புல்லைத்தான் மேயும். புல் காய்ஞ்ச பிறகுதான் தானியத்துப் பக்கம் வரும்.

அந்தத் தானியத்துல தடவின விஷம் ஸ்ட்ரிக்னின். அதை எடுக்குறது எதுலேர்ந்து தெரியுமா? நம்ம எட்டி மரத்து விதையிலிருந்து. எட்டிக்காய்னு சொன்னாலே நமக்கு வாய் கசக்கும். அதோட சத்துதான் கலிபோர்னியா வயல்ல பார்லியோட கலந்து கிடந்தது.

அணில் வாரம், 1918

1917-ல அமெரிக்கா முதல் உலகப்போர்ல இறங்கிச்சு. ஒவ்வொரு தானியமும் படைக்குத் தேவை. தரை அணில்களால வருஷத்துக்கு 3 கோடி டாலர் பயிர் நாசம்னு கணக்கு சொன்னாங்க. மாநிலத்தின் தோட்டக்கலை ஆணையர் ஜார்ஜ் ஹெக்கி 1918 ஏப்ரல் 29-லிருந்து மே 4 வரைக்கும் "அணில் வாரம்"னு அறிவிச்சாரு. அழைப்பு யாருக்குன்னு நினைக்கிறீங்க? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு.

போஸ்டர்ல அணில்களுக்கு ஜெர்மன் கைசரோட கூர்முனைத் தொப்பியை மாட்டி வரைஞ்சிருந்தாங்க. கொன்னதுக்குச் சாட்சியா வாலைக் கொண்டு வரணும். அதிக வால் கொண்டு வந்தா பரிசு. அந்த ஒரு வாரத்துல வந்து சேர்ந்த வால்கள் 1,04,509.

ஒரு இன்ஜினியரா இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உறுத்தினது, இது தப்பான மெட்ரிக். விஷம் தின்ன அணில் பல நேரம் வளைக்குள்ள போய்ச் சாகும். அதோட வால் கணக்குல வராது. வயல்ல எத்தனை அணில் மிச்சம்ங்கிறதும் தெரியாது. ஒரு ஈத்துக்கு ஏழெட்டுக் குட்டி போடுற உயிர் அது. நல்ல புல் விளைஞ்சா காலியான வளையெல்லாம் சீக்கிரமே நிரம்பிடும். ஆக, அந்த எண்ணிக்கை சொல்றது பிள்ளைங்களோட உழைப்பை மட்டும்தான்.

உறுத்தின இன்னொன்னு இதை விடப் பெருசு. அணில்ல பிளேக் இருக்குன்னு 1908-லயே தெரியும். 1911-ல துலேர் கவுண்டி அணில்கள்ல பிளேக் மாதிரியே இன்னொரு நோயை ஜார்ஜ் மெக்காய் கண்டுபிடிச்சாரு. அந்த ஊர் பேராலதான் அதுக்கு துலரீமியான்னு பேர். பின்னாடி "முயல் காய்ச்சல்"னு வேட்டைக்காரங்க பயந்தது இதைத்தான். குளிர்ல முயல் வேட்டைக்குப் போறவங்க தோலை உரிக்கும்போது கைல இருக்குற கீறல் வழியா ஏறிடும். உறைபனி விழுந்த பிறகுதான் முயலைச் சுடணும்ங்கிற அமெரிக்க நாட்டுப்புற வழக்கத்துக்கு இன்னைக்குச் சொல்ற காரணமும் இந்த நோய்தான். இவ்வளவும் தெரிஞ்ச பிறகு, 1918-ல பிள்ளைகள் கைல வாலைக் கொடுத்தாங்க.

ஓக்லாந்து, 1919

அடுத்த வருஷமே, 1919 ஆகஸ்ட்ல, ஓக்லாந்துல ஒருத்தர் மலைப்பக்கம் அணில் வேட்டைக்குப் போயிட்டு வந்தாரு. சில நாள்ல காய்ச்சல். பிளேக் நுரையீரலுக்கு ஏறிடுச்சு. அதுக்கப்புறம் தெள்ளுப்பூச்சியே தேவைப்படல, இருமலே போதும். அவர்கிட்டேர்ந்து அடுத்தவங்க, அவங்ககிட்டேர்ந்து இன்னும் சிலர்னு மொத்தம் 14 பேருக்கு வந்தது. 13 பேர் செத்துட்டாங்க.

வேட்டைக்குப் போனது ஒரே ஒரு ஆள். அவர் தப்பு எதுவும் பண்ணல. அந்த மலையில நிறைய பேர் பண்ணிட்டிருந்த வேலையைத்தான் அவரும் பண்ணாரு. அந்த வேலைல என்ன ஆபத்துன்னு அரசாங்கத்துக்குப் பதினோரு வருஷமா தெரியும். அவருக்குத் தெரிஞ்சிருந்ததா? தெரிஞ்சவங்களுக்கும் துப்பாக்கி தூக்கினவருக்கும் நடுவுல இருந்த இடைவெளிலதான் அந்த 13 உயிரும் போச்சுன்னு நான் நினைக்கிறேன்.

இன்னைக்கு ஆன்டிபயாட்டிக் இருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சா பிளேக்கைக் குணப்படுத்திடலாம். அமெரிக்கால வருஷத்துக்குச் சராசரியா ஏழு பேருக்குத்தான் வருது. ஆனா கிருமி மேற்கு மாநிலங்கள்ல காட்டு எலி, அணில்களோட நிரந்தரமா தங்கிடுச்சு. லட்சம் வாலை வெட்டியும் அதை அழிக்க முடியல.

இந்தியா திரும்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அந்த மலைக்குப் போனேன். அணில் அதே மாதிரி நிமிர்ந்து நின்னு பார்த்துச்சு. முறுக்கை நானே சாப்பிட்டேன். ஒரு அம்மா தன் பையனுக்கு அந்த போர்டைச் சத்தமா படிச்சுக் காட்டிட்டு இருந்தாங்க. 1918-ல அந்த வயசுப் பையன் கைல பரிசு அறிவிப்பு இருந்திருக்கும்.

உங்க ஊர்ல இப்படி ஒரு பலகை இருந்தா, அதுக்குப் பின்னாடி என்ன கதைன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.