கமுந்திங்கில் வைசாகி: கோதுமை வயல் இல்லாத அறுவடைத் திருநாள்

ஏப்ரல் 14, நமக்குச் சித்திரைப் புத்தாண்டு. அதையொட்டியே சீக்கியர்களுக்கு வைசாகி. பஞ்சாபில் அது கோதுமை அறுவடைக் காலம். 1699-ல் குரு கோவிந்த் சிங் கால்சாவைத் தொடங்கியதும் வைசாகி அன்றுதான்.

கமுந்திங்கில் ஏது கோதுமை? இங்கே கிடைத்தது ஈயம். லாருட் ஈயச் சுரங்கச் சண்டையை அடக்க, 1873-ல் கேப்டன் ஸ்பீடி இந்தியாவிலிருந்து பஞ்சாபியரையும் பட்டாணியரையும் திரட்டி வந்தார். பக்கத்துத் தைப்பிங் பின்னாளில் சீக்கியப் படையின் தலைமையிடமானது. வயல் கூட வரவில்லை, சமையல் வந்தது.

கோதுமை மாவு, நெய், சர்க்கரையைக் கிண்டினால் கடா பிரசாதம். நம்ம அல்வாவுக்குத் தம்பி. லங்கர் எனும் பொதுப் பந்தியில் சப்பாத்தி, பருப்பு, கீர். எல்லாமே சைவம்.

"நாம போகலாமா?" தாராளமா. செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கிட்டு உள்ளே போகணும். பிரசாதத்தை இரு கையாலும் ஏந்தி வாங்கணும். தட்டில் மட்டும் மிச்சம் வைக்காதீங்க.