மேட்டூர் – மோகனூர் காவிரிக்கரைச் சைக்கிள் தடங்கள்

மேட்டூர் அணையிலிருந்து மோகனூர் வரை காவிரியின் இரு கரைகளிலும் செல்லும் சாலைகள், சேலம், ஈரோடு, நாமக்கல் நகரங்களிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய சைக்கிள் தடங்களாகும். ஆற்றை ஒட்டிய இத்தொலைவு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இடக்கரை சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும், வலக்கரையின் பெரும்பகுதி ஈரோடு மாவட்டத்திலும் கடைசிப் பகுதி கரூர் மாவட்டத்திலும் அமைகின்றன. இவை சைக்கிளுக்கென்று போடப்பட்டவை அல்ல. அணை, வாய்க்கால், கதவணை ஆகிய நீர்ப்பணிகளையும் கரையோர ஊர்களையும் இணைத்து உருவான சாலைகளே இன்று சைக்கிள் ஓட்டிகளுக்கும் பயன்படுகின்றன.

நிலவமைப்பு

காவிரி மேட்டூரிலிருந்து பவானி வரை பெரும்பாலும் தெற்கு நோக்கியும், பவானிக்குப் பின் தென்கிழக்கு நோக்கியும் ஓடி, பரமத்தி வேலூரைத் தாண்டிக் கிழக்கே திரும்புகிறது. ஆற்றோடு சேர்ந்து நிலமும் மெல்லச் சரிவதால் கரையோரச் சாலைகளில் செங்குத்தான ஏற்றங்கள் அரிது. ஏற்றம் தேடுபவர்கள் ஆற்றைவிட்டு விலக வேண்டும். மேட்டூரைச் சுற்றியுள்ள பாலமலை அடிவாரமும், கரையிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் சங்ககிரி, திருச்செங்கோடு குன்றுகளின் சுற்றுப்புறமும் அவ்வகை நிலம். சேலம் நகரின் ஊடாக ஓடும் திருமணிமுத்தாறு நன்செய் இடையாற்றுக்கு அருகிலும், ஓமலூர், எடப்பாடிப் பகுதிகளின் நீரைக் கொண்டுவரும் சரபங்கா நதி தேவூருக்கு அருகிலும் காவிரியில் கலக்கின்றன.

நீர்ப்பணிகளும் சாலைகளும்

இத்தடங்களின் போக்கை முடிவுசெய்தவை மூன்று காலத்து நீர்ப்பணிகள். முதலாவது, ஜேடர்பாளையத்தில் ஆற்றின் குறுக்கே அமைந்த படுகை அணை. 17ஆம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயகர் இதைக் கட்டி ராஜவாய்க்காலை வெட்டினார் என்பது வரலாறு. ராஜவாய்க்கால், குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால் ஆகியவை பாயும் நிலம்தான் இன்றைய பரமத்தி வேலூர், மோகனூர் வட்டாரத்து வாழை, வெற்றிலை, கரும்பு வயல்கள்.

இரண்டாவது, மேட்டூர் அணை. 1925இல் தொடங்கிய கட்டுமானம் 1934இல் முடிந்தது. நீர்த்தேக்கம் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைத் தாங்குகிறது. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டிஎம்சி. அணையிலிருந்து பிரியும் கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. வாய்க்கால் கரைகளில் பராமரிப்புக்காக விடப்பட்ட மண்பாதைகள், அகலமான டயர் பொருத்திய சைக்கிள்களுக்குக் கோடையில் ஏற்றவை, மழைக்காலத்தில் சேறாகிவிடும்.

மூன்றாவது, கதவணை மின்நிலையங்கள். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கும், பவானிக்குக் கீழே சமயசங்கிலி, வெண்டிபாளையம், சோழசிராமணி ஆகிய மூன்றும் உள்ளன. ஒவ்வொன்றின் மின்உற்பத்தித் திறனும் 30 மெகாவாட். இவை நீரைத் தேக்கி நிறுத்துவதால் ஆற்றின் பெரும்பகுதி, ஓட்டம் தெரியாத ஏரிபோல் அகன்று கிடக்கிறது. பயணிக்கு இவற்றால் கிடைக்கும் இன்னொரு பயன் பெரிது: கதவணைப் பாலங்கள் சிலவற்றின்மேல் இலகு வாகனங்கள் செல்வதால், பெரிய பாலங்கள் வரும்வரை காத்திராமல் கரை மாறலாம். ஒரு கரையில் சென்று மறுகரையில் திரும்பும் சுற்றுத்தடங்கள் இதனாலேயே சாத்தியமாகின்றன.

மேட்டூர் முதல் பவானி வரை

வலக்கரையில் மேட்டூர் – பவானி நெடுஞ்சாலை நெரிஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் செல்கிறது. ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் மலையடிவாரமும் தெரியும் இச்சாலை காட்சிக்குச் சிறந்தது. ஆனால் பேருந்தும் லாரியும் மிகுந்தது. விடியற்காலையில் ஓட்டுவதே நல்லது.

இடக்கரைப் பாதை அமைதியானது. மேட்டூரிலிருந்து பூலாம்பட்டி, கோனேரிப்பட்டி, கல்வடங்கம், தேவூர் வழியாகக் குமாரபாளையத்தை அடையும் இது, ஒரே நேர்ச்சாலையாக இல்லாமல் ஊர்ச்சாலைகளின் தொடராக இருக்கிறது. ஆங்காங்கே வழி கேட்டுச் செல்ல வேண்டியிருக்கும். பூலாம்பட்டியில் கதவணை நீர் தேங்கி நிற்க, கரையெங்கும் தென்னையும் வாழையும் நிறைந்திருப்பதால் ஊருக்குக் ‘குட்டி கேரளா’ என்ற பெயர் வந்தது. இங்கிருந்து எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகுகள் ஓடுகின்றன. இருசக்கர வாகனங்களையும் ஏற்றிச் செல்கின்றன. மேட்டூரிலிருந்து ஒரு கரையில் பூலாம்பட்டி வந்து, படகிலோ கதவணை வழியாகவோ ஆற்றைக் கடந்து, மறுகரையில் மேட்டூர் திரும்பும் சுற்று சுமார் 40 கிலோமீட்டர். புதிதாக நெடுந்தூரம் ஓட்டப் பழகுபவர்களுக்கு இது பொருத்தமான அளவு.

பவானி முதல் பள்ளிபாளையம் வரை

பவானி ஆறு காவிரியில் கலக்கும் கூடுதுறையில் சங்கமேசுவரர் கோயில் உள்ளது. எதிர்க்கரையிலுள்ள குமாரபாளையம் விசைத்தறி நகரம். பவானி ஜமுக்காளத்துக்கும், குமாரபாளையத்து லுங்கி, துண்டு வகைகளுக்கும் வெளிச்சந்தை உண்டு. இங்கிருந்து ஈரோடு – பள்ளிபாளையம் வரை சுமார் 15 கிலோமீட்டருக்கு இரு கரைகளும் ஏறக்குறைய நகரமே. தறிப்பட்டறைகள், சாயப்பட்டறைகள், காகித ஆலை ஆகியவற்றின் போக்குவரத்தும் சந்தை நெரிசலும் சேர்ந்து, முழுத்தடத்திலும் சைக்கிளுக்கு மிகக் கடினமான பகுதியாக இதை ஆக்கியுள்ளன. சமயசங்கிலி வழியாகச் செல்லும் இடக்கரைச் சிறுசாலை ஓரளவு நிம்மதியானது.

பள்ளிபாளையம் முதல் மோகனூர் வரை

பள்ளிபாளையத்தைத் தாண்டியதும் தடத்தின் செழிப்பான பகுதி தொடங்குகிறது. ஓடப்பள்ளி, மொளசி, சோழசிராமணி வழியாக ஜேடர்பாளையம் வரும் சாலை ஆற்றை நெருங்கியும் விலகியும் செல்கிறது. சோழசிராமணிக் கதவணையைக் கடந்தால் வலக்கரையில் பாசூர். அங்கிருந்து ஊஞ்சலூர், கொடுமுடி வழியாக ஈரோடு – கரூர் சாலையும் ரயில் பாதையும் காவிரியைத் தொடர்கின்றன. கொடுமுடியில் மகுடேசுவரர் கோயில் ஆற்றங்கரையிலேயே அமைந்துள்ளது.

ஜேடர்பாளையத்தில் படுகை அணையும் பூங்காவும் ஓய்வுக்கு உகந்தவை. அடுத்து வரும் கபிலர்மலை, பிலிக்கல்பாளையம் சுற்றுவட்டாரத்தில் கரும்பு ஆலைக் கொட்டகைகள் நிறைய. இங்கே காய்ச்சும் வெல்லம் பிலிக்கல்பாளையம் ஏலச்சந்தைக்கு வருகிறது. பரமத்தி வேலூரை நெருங்கும்போது வெற்றிலைக் கொடிக்கால்கள் இருபுறமும் தொடர்கின்றன. அகத்தி மரங்களில் கொடி படர்ந்த இத்தோட்டங்கள் ராஜவாய்க்கால் நீரை நம்பி நிற்பவை. பரமத்தி வேலூரில் தேசிய நெடுஞ்சாலை 44 காவிரியைக் கடந்து கரூர் நோக்கிச் செல்கிறது. நெடுஞ்சாலையைவிட்டு நன்செய் இடையாறு, பாலப்பட்டி வழியாக மோகனூர் செல்லும் வாய்க்காலோரச் சாலை நிழல் மிகுந்தது. மோகனூர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த ஊர். சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்குதான் இயங்குகிறது. இங்கே ஆற்றைக் கடந்தால் கரூர் மாவட்டத்து வாங்கல்.

சேலத்திலிருந்து ஆற்றுக்கு

சேலம் காவிரிக்கரை நகரம் அன்று. எந்த வழியில் போனாலும் ஆற்றை அடைய 40 முதல் 55 கிலோமீட்டர் ஆகும். ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர்; தாரமங்கலம் வழியாக எடப்பாடி, பூலாம்பட்டி; சங்ககிரி வழியாகக் குமாரபாளையம் ஆகியவை முதன்மையான மூன்று வழிகள். இரண்டாவது வழியே சைக்கிளுக்கு ஏற்றது. தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிலும் அதில் வருகிறது. மோகனூரில் முடிப்பவர்கள் நாமக்கல் வழியாகத் திரும்பலாம். சேலம் – கரூர் ரயில் பாதையில் மோகனூருக்கும் நாமக்கல்லுக்கும் நிலையங்கள் உள்ளன. சேலம் – மேட்டூர் – பவானி – ஈரோடு – பரமத்தி வேலூர் – நாமக்கல் – சேலம் என்னும் முழுச்சுற்று 200 கிலோமீட்டரைத் தாண்டும். குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய, உலகெங்கும் நடக்கும் பிரெவே வகை நெடும்பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு அனுமதிக்கப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம்.

பருவமும் காற்றும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிகச் சிறந்த காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டும். காலை ஒன்பது மணிக்குள் பயணத்தை முடித்துவிடுவது உடலுக்கு நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று இச்சமவெளியில் பலமாக வீசும். அக்காலத்தில் ஈரோட்டிலிருந்து மோகனூர் செல்வது எளிது, திரும்புவது கடினம். எனவே எதிர்காற்றில் தொடங்கி, காற்றின் துணையோடு முடிக்கும்படி பயணத்தை அமைப்பது வழக்கமான முறை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். ஆடிப்பெருக்கு நாளில் மேட்டூர், கூடுதுறை, ஜேடர்பாளையம், மோகனூர் ஆகிய இடங்களில் பெருங்கூட்டம் கூடுவதால் கரையோரச் சாலைகளில் சைக்கிள் ஓட்ட இயலாது.

பாதுகாப்பு

மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது கரையோரத் தாழ்வான பகுதிகளில் நீர் புகும். 2018, 2022, 2024 ஆண்டுகளில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலாக நீர் திறக்கப்பட்டது. அத்தகைய நாட்களில் படகுப் போக்குவரத்து நிறுத்தப்படும். கதவணைப் பாலங்களும் மூடப்படலாம். பராமரிப்புக் காலத்திலும் பாலங்கள் மூடப்படுவதுண்டு. கதவணைக்கு அருகில் நீரில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. அமைதியாகத் தெரியும் நீரில் ஆழமும் சுழலும் உண்டு. அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துச் செல்லும் என்பதால், இருட்டும் முன் பயணத்தை முடிப்பதும் முன்விளக்கும் பின்விளக்கும் பொருத்தி, தலைக்கவசம் அணிந்து ஓட்டுவதும் அவசியம். பங்சர் கடைகள் பெரிய ஊர்களில் மட்டுமே உள்ளன. மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் உடன் இருக்க வேண்டும்.

தடத்தின் தகுதி

ஆற்றோரச் சைக்கிள் தடங்களில் உலகப் புகழ்பெற்றது டான்யூப் நதிக்கரைப் பாதை. ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கும் மேலாகச் செல்லும் அத்தடத்திலும் பயணிகள் யிப்ஸ் – பெர்சென்பாய்க் போன்ற நீர்மின் நிலையங்களின் மேலாகவும் சிறு படகுகளிலும் கரை மாறுகிறார்கள். கதவணை, படகு, இரு கரைச் சாலை, அடுத்தடுத்த ஊர்கள், ரயில் நிலையம் என அத்தகைய தடத்துக்கு வேண்டிய அடிப்படை அனைத்தும் மேட்டூர் – மோகனூர் இடையே ஏற்கெனவே இருக்கின்றன. தேவைப்படுபவை நெடுஞ்சாலைப் பகுதிகளில் தனி ஓரப்பாதை, ஊர்ச்சாலைச் சந்திப்புகளில் வழிகாட்டிப் பலகை, கதவணைப் பாலங்கள் திறந்திருக்கும் நேரம் குறித்த அறிவிப்பு ஆகிய மூன்றே. பள்ளிக்குச் சைக்கிளில் செல்லும் கரையோரக் கிராமத்து மாணவர்களுக்கே இவற்றால் முதற்பயன் கிடைக்கும்.