பாறை இடுக்குக்குள்ள யார் விடுறாங்க? நவாஹோ நிலமும் குணா குகையும்

இந்த எபிசோட் ஒரு டூர் பிளான்ல ஆரம்பிச்சது. அமெரிக்காவுல வேலை பார்க்கிற காலேஜ் நண்பன் ஒருத்தன், "ஆகஸ்ட்ல வாடா, ஆன்டெலோப் கேன்யன் போயிட்டு வருவோம்"னு கூப்பிட்டான். போட்டோவுல பார்த்திருப்பீங்க. ஆரஞ்சு நிறப் பாறை துணி மாதிரி மடிஞ்சு மடிஞ்சு நிற்கும், நடுவுல ஆள் நுழையுற அளவு சந்து, மேலேயிருந்து ஒரு கோடு வெளிச்சம் மட்டும் விழும்.

லீவுக்கு எரியோடு வந்திருந்தேன். திண்ணையில லேப்டாப்பை வச்சுக்கிட்டு டிக்கெட் பார்த்தா, முதல் குழப்பமே நேரத்துல. அரிசோனா மாநிலம் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளாது. அந்த மாநிலத்துக்குள்ளேயே பெரும்பகுதி இருக்கிற நவாஹோ நாடு தள்ளும். நாங்க சர்வர்ல பயன்படுத்துற டைம்ஜோன் பட்டியல்ல 'நவாஹோ'ன்னு ஒரு பெயரே இருக்கு, அது டென்வர் நேரத்தைக் காட்டும். ஆனா கேன்யன் டூர் நடத்துறவங்க பக்கத்துல இருக்கிற பேஜ் டவுன் கணக்குல, அரிசோனா நேரத்துக்கு ஓட்டுறாங்க. போனை நம்பினா ஒரு மணி நேரம் மாறிடும்.

சொந்தக் கடிகாரம் வச்சுக்கிற அளவுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1864-ல அமெரிக்க ராணுவம் நவாஹோ மக்களை அவங்க மண்ணை விட்டுக் கிளப்பி, நியூ மெக்சிகோவுல போஸ்கே ரெடோண்டோங்கிற இடத்துக்கு நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே கொண்டு போச்சு. வழியிலயும் முகாம்லயும் ஏராளமான பேர் செத்தாங்க. 1868-ல ஒப்பந்தம் போட்டு, சொந்த மண்ணுல ஒரு பகுதிக்குத் திரும்பி வந்தாங்க. இன்னைக்கு அவங்களுக்குன்னு அரசாங்கம், கோர்ட்டு, போலீஸ் எல்லாம் உண்டு. இந்தக் கேன்யனுக்கு யார் வரலாம்னு முடிவு பண்றதும் அவங்கதான்.

அவங்க மொழியில கேன்யனோட மேல் பகுதிக்கு உள்ள பெயருக்கு, பாறைக்குள்ள தண்ணி ஓடுற இடம்னு அர்த்தம். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கு. 1997 ஆகஸ்ட் 12 அன்னைக்கு கீழ்க் கேன்யன்ல 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்துல செத்துப் போனாங்க. அந்த இடத்துல மழை பெரிசா இல்ல. பல மைல் தள்ளிப் பெஞ்ச மழை ஓடை வழியா வந்து, சந்துக்குள்ள நின்னவங்களை அடிச்சுட்டுப் போயிடுச்சு. அப்போ மர ஏணிதான் இருந்துச்சு. இப்போ பாறையில முடுக்கின இரும்புப் படிகள். நவாஹோ அனுமதி வாங்கின வழிகாட்டி இல்லாம யாரும் உள்ள இறங்க முடியாது. மேல்பக்கம் மழைன்னு தெரிஞ்சா டூர் ரத்து.

இதை அம்மாச்சிகிட்டச் சொன்னேன். அதுக்கு ஆச்சரியமே இல்ல. "மலையில மின்னுனா ஆத்துல கால வைக்காதன்னு உனக்குச் சொன்னதே இல்லையா தம்பி?"ன்னு கேட்டுச்சு. கொடகனாறு கீழ்ப்பழனி மலையிலிருந்து வேடசந்தூர் பக்கம் இறங்கி அமராவதியில சேருது. 1977 நவம்பர் வெள்ளத்துல அழகாபுரி அணை உடைஞ்சதை நம்ம ஊர்ப் பெரியவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

சரி, பாறை இடுக்கு பார்க்க அரிசோனாவரைக்கும் எதுக்கு? நம்ம மாவட்டத்துலயே ஒண்ணு இருக்கு. கொடைக்கானல்ல தூண் பாறைக்குப் பக்கத்துல. 1821-ல பழனி மலையை அளக்க வந்த பி. எஸ். வார்டுங்கிற வெள்ளைக்கார அதிகாரி காலத்திலிருந்து அதுக்குப் பெயர் 'டெவில்ஸ் கிச்சன்', பிசாசோட அடுப்படி. 1991-ல கமல் படம் அங்க எடுத்தபிறகு குணா குகை ஆச்சு. அரிசோனாவுல மணற்கல்லைத் தண்ணி அரிச்ச சந்து. இங்க இருக்கிறது சார்னோகைட்ங்கிற கடினமான பாறை, நடுவுல ஆழமான வெடிப்பு, மேல சோலை மரத்து வேர், எங்க தரை எங்க பள்ளம்னே தெரியாது. விழுந்து செத்தவங்க உண்டு. 2006-ல கொச்சி மஞ்ஞும்மல்ல இருந்து வந்த பசங்கள்ல ஒருத்தர் உள்ள விழுந்தார். கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கிக் காப்பாத்துனது, கூட வந்த சிஜு டேவிட்ங்கிற நண்பர்தான். அந்தக் கதை 2024-ல படமாச்சு, கூட்டம் அள்ளுச்சு.

நம்ம பதில் என்ன? கம்பி வேலி. வனத்துறை போட்டது, உள்ள போகத் தடை. எனக்கு அதுல சண்டை இல்ல, அந்தப் பள்ளத்துக்கு வேலி வேணும்தான். ஆனா பழனி மலையில பளியர்கள்னு ஒரு மக்கள் இருக்காங்க. தலைமுறை தலைமுறையா கொடி ஏணி கட்டிப் பாறைச் சரிவுல இறங்கித் தேன் எடுத்தவங்க. குணா குகை பத்தி நாம பேசுற கதையில வார்டு இருக்காரு, கமல் இருக்காரு, மஞ்ஞும்மல் பசங்க இருக்காங்க. வார்டு வர்றதுக்கு முன்னாடி அந்த இடுக்குக்குப் பளியர் என்ன பெயர் வச்சிருந்தாங்கன்னு டூரிஸ்ட் யாராவது கேட்டிருப்போமா? நானும் மூணு தடவை போயிருக்கேன், கேட்டதில்ல.

வேலி தவிர வேற வழியே இல்லைன்னும் சொல்ல முடியாது. பக்கத்துல பரம்பிக்குளத்துல காடர், மலசர் மக்கள்தான் டூரிஸ்ட்டைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க. 2006-ல, அந்தப் பையன் விழுந்த அதே வருஷம், வன உரிமைச் சட்டமும் வந்துச்சு. கிராம சபை மூலமா காட்டு மேல சமூக உரிமை கேட்க அதுல இடம் இருக்கு.

நவாஹோ மாதிரிதான் சொர்க்கம்னு நினைச்சுக்காதீங்க. டிக்கெட் விலை கையைக் கடிக்குது, உள்ள கோயில் வரிசை மாதிரி தள்ளிக்கிட்டே போகணுமாம். ஆனா அந்த வரிசையில முன்னாடி நிக்கிறது அந்த மண்ணுக்காரங்க.

நண்பனுக்கு மெசேஜ் போட்டுட்டேன். அங்க ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும் திடீர் மழைக்காலம், அதனால ஆகஸ்ட் வேணாம், அக்டோபர்னு. அம்மாச்சிக்கும் சம்மதம். அக்டோபர்லயும் அந்த ஒரு மணி நேரக் குழப்பம் இருக்கும், அதை அங்க போய்ப் பார்த்துக்கலாம். உங்கள்ல யாருக்காவது குணா குகைக்குப் பழைய பளியர் பெயர் தெரிஞ்சா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.